வேட்டைக்குப் போகத் திட்டமா? ஏலகிரி, ஜவ்வாது மலையடிவார மக்கள் அறிய வேண்டிய சட்டமும் மார்க்கமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் ஆகிய ஊர்களில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். பெருநாள் விடுமுறைக்குத் தொழிற்சாலைகள் மூடி, துபாய், ரியாத்தில் இருக்கும் பிள்ளைகளும் ஊர் வந்து சேர்ந்துவிட்டால், "மச்சான், ஒரு ராத்திரி முயல் வேட்டைக்குப் போகலாமா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டு பைக், ஒரு கார், ஹெட்லைட் டார்ச், யாரோ வாங்கி வைத்திருக்கும் ஏர்கன், மலையடிவாரத்தில் வழி தெரிந்த ஒருவர். டீக்கடையிலேயே திட்டம் முடிந்துவிடுகிறது. அந்த இளைஞர்களுக்கும், அதைவிட அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ காட்டு விலங்கை வேட்டையாட இன்று எந்த அலுவலகமும் உரிமம் தருவதில்லை. கட்டணம் கட்டி வாங்கும் அனுமதியும் கிடையாது, வேட்டைப் பருவம் என்ற ஒன்றும் கிடையாது.

"எங்க தாத்தா லைசென்ஸ் எடுத்து ஷிகார் போனாரே?" என்று கேட்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. அது பொய்யில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பிறகும் வேட்டைக்கு உரிமம் தரும் முறை இருந்தது. பெங்களூரைச் சேர்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் நம் ஏலகிரி மலையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாடலாம் என்ற வழி அதில் மிச்சம் இருந்தது. 1991இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. தாத்தா செய்தது அன்றைய சட்டப்படி சரி. பேரன் அதையே இன்று செய்தால் சிறை.

நம் மலைகளில் என்ன இருக்கிறது

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தெற்கே ஏலகிரியும் ஜவ்வாது மலையும், வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளும் நிற்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேர்ணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. விலங்குகளுக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கத்துக் காடுகள் ஆந்திராவின் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயத்தோடு தொடர்ச்சியாக இருப்பதால் யானைகள் இரண்டு மாநிலத்துக்கும் போய் வருகின்றன. பேச்சுவாக்கில் "ஆந்திரா பார்டர் வரைக்கும் போனோம்" என்று சொல்லும் இடம் சில நேரம் சரணாலயத்தின் உள்பகுதியாகவே இருக்கும். அங்கே என்ன விலங்கை வேட்டையாடினாலும் தண்டனை ஒரு படி மேலே போகும்.

அடிவாரம் முள்காடு. மேலே போகப் போக இலையுதிர் காடு, பாறை இடுக்குகள், ஓடைகள். முயல், புள்ளிமான், காட்டுப்பன்றி, மயில், கௌதாரி, முள்ளம்பன்றி, உடும்பு எல்லாம் இந்த நிலத்துக்கு உரியவை. இவற்றோடு கரடியும் சிறுத்தையும் இருக்கின்றன. இரவில் டார்ச் வெளிச்சத்தில் புதரை விலக்கிக்கொண்டு போகிறவர் குட்டியோடு இருக்கும் கரடியிடம் சிக்கினால் துப்பாக்கி பெரிதாக உதவாது. தோழர் சுட்ட குண்டு புதருக்கு அந்தப் பக்கம் நின்ற தோழர் மேலேயே பட்ட சம்பவங்களும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன.

தற்காப்பு பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் அது குற்றமில்லை என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் இந்தச் சட்டத்தை மீறும் செயல் ஒன்றில் ஈடுபட்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முயல் வேட்டைக்குப் போன இடத்தில் கரடி பாய்ந்தது, அதனால் சுட்டோம் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது.

எதுவெல்லாம் 'வேட்டை'

துப்பாக்கியால் சுடுவது மட்டும்தான் வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் விளக்கம் மிக விரிவானது. கொல்வது, காயப்படுத்துவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, விரட்டுவது, பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது, இவை எல்லாமே வேட்டைதான். இவற்றைச் செய்ய முயன்றதும் வேட்டைதான். வெறும் கையோடு திரும்பினோம், ஒன்றுமே கிடைக்கவில்லை என்பது தப்பிக்க வழியாகாது. நாய்களை விட்டு முயலை விரட்டுவதும் இதில் அடங்கும்.

ஏர்கன் விஷயத்தில் குழப்பம் அதிகம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர்கன்னை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். அதை வைத்து அட்டையில் குறி பார்த்துச் சுடலாம். அதே ஏர்கன்னால் ஒரு கௌதாரியைச் சுட்டால் அது வேட்டைக் குற்றம். நாட்டுத்துப்பாக்கி என்றால் நிலைமை இன்னும் மோசம். கரிமருந்து இடித்து, பால்ரஸ் போட்டுச் சுடும் அந்தத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடிபொருள் சட்டத்தையும் சேர்த்து இழுத்து வரும். அதைப் பன்றிதான் கடிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மேய்ச்சலுக்குப் போன பசு கடித்து வாய் சிதைந்து நிற்கும் கொடுமையும் நடக்கிறது.

தண்டனை எப்படி வரும்

2022இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு ஆறாக இருந்த அட்டவணைகள் இப்போது நான்கு. விலங்குகளுக்கு முதல் இரண்டும் முக்கியம். மயில், சிறுத்தை, கரடி, யானை, எறும்புதின்னி, உடும்பு போன்றவை முதல் அட்டவணை. இவற்றை வேட்டையாடினால் குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. புள்ளிமான், காட்டுப்பன்றி, முயல் ஆகியவை இரண்டாம் அட்டவணை. அதற்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சரணாலயத்துக்குள் நடந்தால், முயலாக இருந்தாலும், முதல் அட்டவணைக்கு உரிய தண்டனைதான்.

சிறையைவிட நம் குடும்பங்களை அதிகம் பாதிப்பது வேறு சில விஷயங்கள். வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டி பறிமுதலாகும். தவணை முடியாத பைக்காக இருந்தாலும், மாமாவிடம் இரவல் வாங்கிய காராக இருந்தாலும் இதுதான் கதி. துணைபோனவரும் குற்றவாளிதான், "நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்" என்பது செல்லாது. மறுநாள் வீட்டில் அந்தக் கறி இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் மேல் விழும். அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி சட்டப்படி பதிவு செய்யும் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது என்பதையும் நினைவில் வையுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னது செல்லாது என்று சினிமாவில் பார்த்த சட்ட அறிவு இங்கே உதவாது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம். நீதிமன்றத்தில் அனுமதி வாங்கித்தான் புதுப்பிக்கவோ பயணம் செய்யவோ முடியும் என்ற நிலை வரும். விசா புதுப்பிக்கக் காவல்துறைச் சான்று கேட்கும் நாட்டில் வேலை என்றால் இன்னும் சிக்கல். ஒரு மாத லீவில் வந்த பிள்ளை ஒரு ராத்திரி விளையாட்டுக்காக மூன்று வருட வேலையை இழப்பான். வழக்கும் சீக்கிரம் முடியாது. நடிகர் சல்மான் கான் மீதான கலைமான் வேட்டை வழக்கு 1998இல் நடந்த சம்பவத்துக்கானது. ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை விதித்தது 2018இல். பணமும் பெரிய வக்கீல்களும் இருந்தவருக்கே இருபது ஆண்டு இழுத்தது.

போகிறவர்கள் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காமல் இருப்பதில்லை. தாங்களே போட்ட படத்தாலும் வீடியோவாலும் வனத்துறையிடம் சிக்கியவர்கள் தமிழ்நாட்டில் பலர்.

அந்தக் கறி ஹலாலா?

"சட்டம் கிடக்கட்டும், பிஸ்மி சொல்லித்தான் சுடுகிறோம், வேட்டை ஹலால்தானே?" என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வேட்டை அடிப்படையில் ஆகுமானது என்பதில் சந்தேகமில்லை. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. அதே அத்தியாயத்தின் 3ஆம் வசனம் கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, விழுந்து செத்தது ஆகியவற்றை விலக்குகிறது. கண்ணியில் மாட்டி இரவெல்லாம் துடித்துச் செத்த முயல் இதில் எதில் சேரும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை பற்றிக் கேட்ட செய்தி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் இருக்கிறது. முனை குத்திக் கிழித்துச் செத்ததை உண்ணலாம், கம்பின் பக்கவாட்டு அடியில் செத்ததை உண்ணக் கூடாது என்பது அதன் சாரம். இதை வைத்துத்தான் பிற்கால அறிஞர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசினார்கள். உருண்டைக் குண்டு கிழிப்பதில்லை, வேகத்தால் அடித்து உடைக்கிறது. எனவே அறுப்பதற்கு முன் உயிர் போய்விட்டால் அது ஆகாது என்பது ஹனஃபி அறிஞர்கள் பலரின் தீர்ப்பு. கூர்முனைத் தோட்டாவைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் பகுதியில் புழங்கும் பால்ரஸும் ஏர்கன் குண்டும் கூர்முனைத் தோட்டா அல்ல. உயிரோடு கையில் கிடைத்து முறைப்படி அறுத்தால் ஒழிய அந்தக் கறி சந்தேகத்துக்கு உரியதே.

உடும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "நபித்தோழர்கள் உடும்பு சாப்பிட்டார்கள், ஹதீஸில் இருக்கிறது" என்று சொல்லி உடும்பு பிடிப்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஹதீஸில் இருக்கும் அரபுச் சொல் 'ளப்'. தமிழ் மொழிபெயர்ப்புகள் அதை உடும்பு என்று எழுதிவிட்டன. ளப் என்பது அரேபியப் பாலைவனத்தில் வாழும், வாலில் முள் வரிசை கொண்ட, பெரும்பாலும் செடி கொடி தின்னும் ஒரு பல்லியினம். நம் ஊர் உடும்பு பூச்சி, எலி, முட்டை, செத்த விலங்கு என்று எல்லாவற்றையும் தின்னும் வேறு பிராணி. அரபியில் அதற்கு 'வரல்' என்று வேறு பெயரே இருக்கிறது. போதாததற்கு, ளப் உண்பதையே ஹனஃபி மத்ஹப் வெறுக்கிறது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லை நம்பி, குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறை உள்ள விலங்கைப் பிடிக்கிறார்கள்.

வேட்டையைத் தடுக்கும் இடம், தடுக்கும் காலம் என்பதும் மார்க்கத்துக்குப் புதிதல்ல. இஹ்ராமில் இருப்பவர் நில வேட்டையாடக் கூடாது, மீறினால் பரிகாரம் உண்டு. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவுக்கும் புனித எல்லை உண்டு, நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை நபியவர்கள் காப்பு நிலமாக அறிவித்ததும் உண்டு. நமக்கு ஹஜ்ஜில் இது புரிகிறது, ஊர் திரும்பியதும் காப்புக்காடு என்றால் கேலியாகத் தெரிகிறது! வேட்டை கடமையுமல்ல, சுன்னத்தான வணக்கமுமல்ல. வெறுமனே அனுமதிக்கப்பட்ட ஒன்று. அதைப் பொதுநலன் கருதி ஓர் அரசு நிறுத்தினால் நம் தீனில் எதுவும் குறைந்துவிடாது என்பதே நம் கருத்து. உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக்குவதை நபியவர்கள் கண்டித்திருப்பதையும், பொழுதுபோக்கு வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் யோசிக்கட்டும்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு

நம் பகுதியின் பிழைப்பு ஆட்டுத் தோல், மாட்டுத் தோலில் இருக்கிறது. அவ்வப்போது யாராவது மான் தோலையோ உடும்புத் தோலையோ கொண்டுவந்து "பதப்படுத்திக் கொடுங்க பாய்" என்று கேட்பார்கள். தெரிந்தவர், கிராமத்துக்காரர், பழைய வாடிக்கை என்று தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். காட்டு விலங்கின் தோலை வாங்குவது, வைத்திருப்பது, பதப்படுத்துவது எல்லாமே இச்சட்டத்தின் கீழ் வரும். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடை செய்யப்பட்டது. அந்தத் தொழிலை நம்பியிருந்த இருளர் மக்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பாம்பு விஷம் எடுக்கும் வேலைக்கு மாறினார்கள். அவர்களே மாறிவிட்ட பிறகு நம் பட்டறையில் அந்தத் தோல் எதற்கு?

பழைய வீடுகளில் மான் கொம்பு, மான் தோல், தொழுகைக்கு விரித்த மான்தோல் முஸல்லா இருப்பதைக் கவனியுங்கள். அதற்கு முறைப்படி உரிமைச் சான்று பெற்றிருக்க வேண்டும். அறிவிக்காமல் இருந்தவர்களுக்கு 2003இல் கடைசியாக ஒரு வாய்ப்பு தரப்பட்டது. சான்று உள்ள பொருள் வாரிசுக்கு வந்தால் 90 நாளில் அறிவிக்க வேண்டும். சான்று வைத்திருப்பவர் இனி வேண்டாம் என்று நினைத்தால் அரசிடம் தாமாக ஒப்படைக்கவும் 2022 திருத்தம் வழி செய்கிறது. சான்றே இல்லாத பொருள் பரணில் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, வனத்துறையிடம் சேர்ப்பதற்கான வழியைப் பாருங்கள். ஓஎல்எக்ஸில் விற்கப் போட்டுவிடாதீர்கள்.

பயிரைப் பன்றி தின்றால்

வேட்டை எல்லாமே விளையாட்டு அல்ல. பேர்ணாம்பட்டு, குடியாத்தம், ஆலங்காயம் பக்கத்தில் நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டுவிட்டு விடிய விடியக் காவல் இருக்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் தேவைப்பட்டால் சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டுமே. கேரளாவில் உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு உரிமத் துப்பாக்கிக்காரர்கள் சுடும் முறை இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம். சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் உடனே சொல்லிவிடுங்கள். மின்கம்பியை நேரடியாக வேலியில் இழுப்பது மட்டும் வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரவில் அந்தப் பக்கம் நடக்கும் மனிதனும் சாவான்.

மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு வேட்டை உரிமை இருக்கிறது, அவர்களோடு போனால் பிரச்சினை இல்லை என்றொரு பேச்சும் உலவுகிறது. தவறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுடைய பல மரபு உரிமைகளை ஏற்கிறது. வேட்டையை மட்டும் பெயர் சொல்லியே விலக்கிவைக்கிறது. டவுனிலிருந்து காசோடு போகிறவரின் ஆசைக்காக வழிகாட்டப் போய் மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் அந்த ஏழை மனிதர்தான். கௌதாரி, காடை பிடித்து விற்பவரிடம் வாங்குவதும் அதே அநியாயம்தான். காடை வேண்டுமென்றால் பண்ணைக் காடை தாராளமாகக் கிடைக்கிறது.

வெளிநாட்டில் வாய்ப்பு வந்தால்

ஷூ ஏற்றுமதித் தொழிலில் தென்னாப்பிரிக்கா வரை போய் வருபவர்களும் வளைகுடாவில் அரபு நண்பர்கள் உள்ளவர்களும் நம்மிடையே உண்டு. தென்னாப்பிரிக்கா, நமீபியாவில் அனுமதியோடு வேட்டை சட்டப்படி நடக்கிறது. கொம்பையோ தோலையோ இந்தியாவுக்குக் கொண்டுவர நினைத்தால் அங்குள்ள அனுமதி மட்டும் போதாது, இந்திய இறக்குமதி விதிகளும் அருகிய இனங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையும் குறுக்கே வரும். சவூதியில் பருவமும் இனமும் குறிக்கப்பட்டு, 'ஃபித்ரி' தளத்தில் அனுமதி எடுத்துத்தான் வேட்டை. "கஃபீல் கூப்பிட்டார், போனேன்" என்றால் மாட்டிக்கொள்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மலைதான் ஆசை என்றால்

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம், கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும்கூட. எனவே முறையாகப் போங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 தடங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள், பெரும்பாலும் அந்தந்த மலையின் மக்களே. கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றம் நிறுத்தப்படும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நினைத்து, அந்த மாதங்களில் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

குடும்பத்தோடு என்றால் ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் அமிர்தி உயிரியல் பூங்காவும் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்து விடியற்காலையில் ஏரிக்கரையில் நிறுத்திப் பாருங்கள், பஜ்ருக்குப் பிறகு தூங்காமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உங்கள் பகுதியில் கண்ணியோ அவுட்டுக்காயோ வைத்திருப்பதைக் கண்டால் கையால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஆம்பூர், ஆலங்காயம், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் ஆகியவற்றில் அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.